தோட்டா இல்லாத துவக்கு

ஒரு துவக்கு பயனற்றுப் போவதற்கு அது துருப்பிடிக்க வேண்டுமென்பதில்லை; அதற்குரிய தோட்டாவைச் செய்யும் ஆலை தன் வேலையை நிறுத்திவிட்டாற் போதும். சுவிற்சர்லாந்தின் பழைய வெட்டர்லித் துவக்குக்கு நேர்ந்தது இதுவே. வாழ்வின் பெரும்பகுதியை அகதியாக அந்நாட்டிற் கழித்துவரும் நாம், அத்தகைய துவக்கொன்று மீண்டும் வெடிப்பதை அருகிலிருந்து கண்டோம். துவக்கின் ஓசைக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்தவருக்கு இதில் என்ன நாட்டமென்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே.

ரைன் நீர்வீழ்ச்சியின் அருகே நொய்ஹவுசன் என்னும் ஊர் இருக்கிறது. 1853ஆம் ஆண்டில் புகைவண்டிப் பெட்டிகள் செய்வதற்காக அங்கே தொடங்கப்பட்ட ஆலை, சில ஆண்டுகளுக்குள் துவக்குச் செய்யவும் முற்பட்டது. (முதலாளியத்தில் வண்டிக்கும் துவக்குக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான்!) அங்கே பணியாற்றிய பிரெடரிக் வெட்டர்லி என்பவர் ஆக்கிய துவக்கை 1869இற் சுவிஸ் படை ஏற்றுக்கொண்டது. குழலின் கீழுள்ள நீண்ட குழாயிற் பதினொரு தோட்டாக்களை அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடலாம். அண்டை நாட்டுப் படையினர் ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1889இற் புதிய துவக்கு வந்ததும் வெட்டர்லி மெல்ல மெல்லக் களஞ்சியத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் போயிற்று.

அதன் தோட்டாவைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். சங்கடம் முழுவதும் அதிலேதான் இருக்கிறது. பத்தேகால் மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுடைய ஈயக்குண்டு. ஏறத்தாழ 20 கிராம் நிறை. அதன்பின் நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த கரிமருந்து. இவையிரண்டையும் தாங்குவது மெல்லிய செப்புக்கூடு. தீயூட்டும் மருந்து அக்கூட்டின் அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளே வளையமாகப் பரப்பப்பட்டிருக்கும். துவக்கின் கவைமுள் விளிம்பை இரண்டு இடங்களில் நசுக்க, மருந்து தீப்பற்றும். நசுங்க வேண்டுமாயின் செம்பு மென்மையாக இருத்தல் வேண்டும்; ஒருமுறை நசுங்கிய விளிம்போ மறுமுறைக்கு உதவாது. நடுவிற் கேப்பு வைத்த தோட்டாவாயின் பழைய கேப்பைத் தட்டி நீக்கிப் புதியதைப் பொருத்தி, மருந்தும் குண்டும் இட்டு, ஒருவர் தம் வீட்டு மேசையிலேயே மீண்டும் உயிர்ப்பிக்கலாம். விளிம்புத் தோட்டாவில் அதற்கு இடமில்லை. அதை வைத்திருப்பவர் ஒவ்வொரு வெடிக்கும் ஆலையின் வாயிலிற் காத்துநிற்க வேண்டியவர்.

நம் அயல்வீட்டு முதியவர் நாற்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவர், தொழிற்சங்கக்காரர். அவருடைய பாட்டனாரின் தந்தை படையிலிருந்து கொணர்ந்த வெட்டர்லி அவர் வீட்டு மாடியிற் கிடந்தது. ஓய்வு பெற்ற மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழம்பொருளைத் துளையிட்டுக் கெடுக்கவும் மனம் ஒப்பவில்லை. ஆகவே சிதைந்துபோன வேறொரு வெட்டர்லியின் பூட்டுக்கட்டையை வாங்கினார். அதன் முகத்தில் நடுவே துளையிட்டுக் கவைமுள்ளுக்குப் பதிலாக ஒற்றைமுள்ளைக் கடைந்து பொருத்தினார். மூலப்பூட்டு எண்ணெய்த் துணியிற் சுற்றப்பட்டுப் பெட்டிக்குட் போயிற்று. வேண்டியபோது துவக்கைப் பழைய நிலைக்கே கொண்டுவரலாம். இம்முறை நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

தோட்டாக்கூட்டுக்கு அவர் தேடிப்பிடித்தது 1886ஆம் ஆண்டுப் பிரெஞ்சு லெபெல் துவக்கின் பித்தளைக் கூடு. இரண்டின் அடிவிளிம்பும் ஏறக்குறைய ஒரே அளவு. அதை 38 மில்லிமீற்றருக்கு வெட்டி, வாயைச் சூடாக்கி இளக்கி, விரித்தார். மென்மையான ஈயத் துண்டொன்றைக் குழலுக்குள் தட்டி மறுபுறம் எடுத்து, அதன் அளவுக்கேற்பக் குண்டு வார்த்தார். நவீன வெடிமருந்தை அவர் அருகிலும் விடவில்லை. அதன் அழுத்தத்தை அந்தப் பழைய இரும்பு தாங்குமென்று நம்புவதற்கில்லை. வன்னியிற் கட்டுத்துவக்கு வைத்திருந்த நம்மவர் அறிந்த அதே கரிமருந்துதான் இங்கும்.

ஒருநாள் அவர் குழலைத் தடவியபடி, “இது எவரையும் கொன்றதில்லை. எங்கள் நாடு போருக்குப் போகவில்லை” என்றார். அந்தத் துவக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மையாயிருக்கலாம். ஆயினும் நாம் 1875ஐ நினைவூட்டினோம். கொத்தார்ட் மலையைக் குடைந்த இத்தாலியத் தொழிலாளர், கூடுதற் கூலியும் குகைக்குள் மூச்சுவிடத் தக்க காற்றும் கேட்டு கொஷனனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். யூலை 28ஆம் நாள் ஊரி மாநிலம் அனுப்பிய ஆயுதம் தாங்கியோர் சுட்டதில் நால்வர் மாண்டனர். அந்நாட்டுப் படை வீரர் வெட்டர்லியைத் தோளிற் சுமந்த ஆண்டுகள் அவை. “அது போரல்ல, பொலிஸ் விவகாரம்” என்றார் முதியவர். சுட்டவருக்கு அப்படித்தான் தோன்றும், சுடப்பட்டவருக்கு வேறுபாடு தெரியாது என்றோம். தொழிற்சங்கக்காரரல்லவா, அவர் மறுமொழி கூறவில்லை. ஏற்றுக்கொள்ளவுமில்லை. அன்று வேலை அத்துடன் நின்றது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். 2008ஆம் ஆண்டின் சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதி, எட்டு நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குதலையும் வைத்திருத்தலையும் சுடுதலையும் தடைசெய்தது. அப்பட்டியலில் இலங்கையும் உண்டு. நம் கையிலிருப்பதோ இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு. ஆகவே அவருடைய பட்டறையில் நாம் பார்த்த வேலை மின்விளக்கைப் பிடிப்பதும் அவர் அளந்த எண்களைக் கொப்பியிற் குறிப்பதுமே. விளக்குப் பிடிப்பதற்கு எந்த விதியிலும் தடையில்லை! துவக்கைத் தொட நமக்கு ஆசையுமில்லை. ஆனால் வேண்டாமென்று நாமே கையை எடுப்பது ஒன்று. பிறந்த நாட்டின் பெயரைப் பார்த்துக் கையைத் தட்டிவிடுவது வேறொன்று. துவக்கினால் எல்லாவற்றையும் இழந்தவரும் துவக்கேந்தியவரும் அந்தப் பட்டியலில் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர்.

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், ஊர்ச் சுடுகளத்தில் முதியவர் படுத்துக்கொண்டார். நாம் கோட்டுக்குப் பின்னால் நின்றோம். முதல் வெடியின் ஓசை நாம் அஞ்சியவாறு கூர்மையாயிருக்கவில்லை; கோயில் வெடிபோல் அடித்தொண்டையில் அதிர்ந்தது. வெண்புகை எழுந்து இலக்கையே மறைத்தது. கெட்ட முட்டையின் நாற்றம். பத்துத் தோட்டாக்களில் ஒன்பது வெடித்தன. ஏழு குண்டுகள் பலகையிற் பட்டன. வெடிக்காததைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, முள் இன்னும் ஒரு மயிரளவு நீளவேண்டும் என்றார்.

கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அன்றிரவே குழலைக் கொதிநீரால் அலம்பவேண்டும். கேத்தலில் நீர் வைத்தவர் நாமே. முதியவர் துடைகோலை மேலும் கீழும் இழுத்தார். மூன்றாம் முறையும் நீர் கறுப்பாகவே வந்தது. நான்காம் முறைக்கு நீர் ஊற்றும்போது, “கொஷனனில் அந்த நால்வருடைய பெயர்கள் எங்கேனும் எழுதப்பட்டிருக்கின்றனவா?” என்று கேட்டார்.