வலை விரித்த தொட்டி

செம்பூரில் நீர் உறைவதில்லை. 1962 ஜனவரியில் சாந்தாகுரூஸில் 7.4 பாகை செல்சியஸ் பதிவானதே மும்பை கண்ட கடுங்குளிர். எனினும் மார்கழி பிறந்ததும் எம் வீட்டுப் பின்கட்டு மீன்தொட்டியின்மேல் வலை விரிக்கின்றோம்.

அண்டை வீட்டு வாதுமை மரம் அப்பருவத்தில் செவ்விலைகளை உதிர்க்கும். அவை நீரில் அழுகுங்கால் பிராணவாயு குறையும். குளிர் மிகுந்த இரவுகளில் தரையருகே தங்கும் தண்காற்றின்மீது வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துவிடும். புகையும் தூசியும் மேலெழாது தாழவே படியும். குளிரில் மீன் குறைவாகவே உண்ணும். ஆதலின் இரையையும் குறைக்கின்றோம்.

'பலகையிட்டே மூடிவிடலாமே!' என்பார் உளர். பனிநாடுகளின் குளங்கள் அதற்கு விடை கூறும். நீர் 4 பாகையில் மிகுந்த அடர்த்தி பெறும். அந்நீர் அடியில் தங்க, மேலே பனிக்கட்டி மிதக்கும். மீன்கள் அடியில் பிழைத்திருக்கும். ஆனால் பரப்பு முழுவதும் நெடுநாள் அடைபட்டால், அழுகலிற் பிறக்கும் வாயுக்கள் வெளியேறவும் பிராணவாயு உட்புகவும் வழியின்றி அவை மடியும். ஆதலின் அங்குள்ளோர் பனியில் ஒரு திறப்பைக் காத்து வைப்பர்.

இவ்வாண்டு வலை கட்டும்போது வீட்டில் ஒரு வினா எழுந்தது. பேத்தியின் தமிழ் வகுப்பு ஞாயிறு மாலை. அவள் விரும்பும் மராத்தி நாடக ஒத்திகையும் அதே வேளை. தமிழ் நம்மோடு ஒழிந்துவிடுமோ என்னும் அச்சம் நமக்கு உண்டு. தோழியரைப் பிரிய அவளுக்கு மனமில்லை. ஒத்திகையைத் தடுக்க எண்ணினோம், தடுக்கவில்லை. ஆசிரியரிடம் வேண்டி, வகுப்பைக் காலைக்கு மாற்றிக்கொண்டோம். இப்பொழுது இரண்டிற்கும் செல்கின்றாள்.