சித்திரத்தின் மறுபாதி

கொழும்பு நூதனசாலையின் முன்னால் தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகறியின் சிலை நிற்கின்றது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், "1877இல் இந்நூதனசாலையை நமக்குத் தந்தவர் இவர்" என்று கூறுவது நமது வழக்கம். ஒருமுறை மாணவி ஒருத்தி, "சேர், இவர் தம்முடைய காசிலா கட்டினார்?" என்று கேட்டாள். வரிசை குலையாமல் உள்ளே போகும்படி பணித்தோம். அக்கேள்வியை மீண்டும் நம்முன் நிறுத்தியது இந்தியக் கலைஞர் ஒருவரின் அசைவுச் சித்திரப் படைப்பு.

நளினி மலானி 1946இல் கராச்சியிற் பிறந்தவர். பிரிவினையால் வீடிழந்து இந்தியாவுக்கு வந்த குடும்பம் அவருடையது. 'என் யதார்த்தம் வேறு' என்னும் அவரது படைப்பு 2022இல் பாத் நகரின் ஹோல்பேர்ண் நூதனசாலையிலும், 2023இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலும் காட்டப்பட்டது. அவ்விரு நிலையங்களிலுமுள்ள ஓவியங்களே அதன் மூலப்பொருள். கரவாச்சியோ, புறொன்சினோ முதலியோரின் புகழ்பெற்ற ஓவியங்களின் பகுதிகளை எடுத்து, அவற்றின்மீது கணினிப் பலகையில் விரலால் வரைந்தார் மலானி. இருபத்தைந்து அசைவுச் சித்திரங்கள் ஒன்பது ஒளிவீச்சுக் கருவிகளிலிருந்து நாற்பது மீற்றர் நீளச் சுவரில் ஒன்றன்மேலொன்றாய் விழுந்தன. பழைய ஓவியம் ஒரு கணம் தெளிகின்றது. மறுகணம் கோடுகள் அதனை மூடுகின்றன. பின்னர் அவையும் அழிகின்றன.

இது கலையைச் சிதைக்கும் செயலென்று சிலர் கூறலாம். மூல ஓவியத்தின் ஒரு துளி வர்ணமும் இதனாற் கெடவில்லை. கெட்டது அவ்வோவியத்தைச் சூழ்ந்திருந்த மௌனமே. தேசிய ஓவியக்கூடம் 1824இல் எதனைக் கொண்டு தொடங்கிற்று? ஜோன் யூலியஸ் அங்கர்ஸ்ரைன் என்னும் வணிகரின் முப்பத்தெட்டு ஓவியங்களை 57,000 பவுணுக்கு அரசு வாங்கியது. அவரது செல்வம் கப்பற் காப்புறுதியில் விளைந்தது. அடிமை வணிகமும் அடிமைத் தோட்டங்களின் விளைபொருளும் அக்காலக் கப்பற்றொழிலிற் பெரும்பங்கு வகித்தவை. கிரனாடாத் தீவின் அடிமைத் தோட்டங்களோடு அவருக்கிருந்த தொடர்பும் இன்று ஆய்வாளரால் நிறுவப்பட்டுள்ளது. சட்டகத்துக்குள் அழகு; சட்டகத்துக்கு வெளியே உழைப்பும் இரத்தமும். இரண்டையும் ஒரே சுவரிற் காணும்படி செய்வதே மலானியின் கலை.

இலண்டன் கூடத்துக்கும் நமது நூதனசாலைக்கும் என்ன தொடர்பென்று வினவலாம். தொடர்பு அந்தச் சிலையேதான். கிறெகறி அவ்வோவியக்கூடத்தின் அறங்காவலராயிருந்தவர். மார்த்தாள், மரியாள் இல்லத்தில் கிறிஸ்துவைக் காட்டும் வெலாஸ்குவெஸின் ஓவியம் 1892இல் அவரது மரணசாதனத்தின்படி அங்கு சேர்ந்தது. அதிலே கிறிஸ்து பின்னாலுள்ள சிறு சதுரத்துள் ஒதுங்கியிருக்கிறார். முன்னே பெரிதாய் நிற்பவள் உரலிற் பூண்டு இடிக்கும் ஒரு சமையற்காரப் பெண். அவளுடைய கலங்கிய முகத்தை மதித்து வாங்கியவரின் வாழ்க்கையைப் பாருங்கள். அவரது பூட்டனார் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைவராயிருந்தவர். இந்தியாவில் ஈட்டிய செல்வத்தால் 1768இல் அயர்லாந்தில் நிலம் வாங்கியவர். 1847இல், அயர்லாந்து பட்டினியில் மடிந்துகொண்டிருந்தபோது, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லையென்ற விதியைப் பாராளுமன்றத்திற் கொண்டுவந்தவர் இதே கிறெகறி. உணவு வேண்டுமா, நிலத்தை விடு என்பதே அதன் பொருள். இலங்கையில் அவர் பழைய குளங்களைத் திருத்தினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தனிமனிதரின் நன்மை தீமையை நிறுப்பது நமது நோக்கமன்று. ஒரே கை ஓவியத்தை நேசிக்கவும் குடியானவனை வெளியேற்றவும் இயலுமாக்கிய அமைப்பையே நாம் ஆராய்கிறோம்.

அந்த மாணவிக்குரிய விடையும் இதனோடு வருகின்றது. நூதனசாலை கிறெகறியின் காசிற் கட்டப்பட்டதன்று. இலங்கையின் பொதுவருவாயிற் கட்டப்பட்டது. அக்கால வருவாயைச் செழிக்கச் செய்தது கோப்பி. கோப்பியை விளைவித்தவர் தென்னிந்தியாவிலிருந்து காடுகளினூடே நடந்து மலையேறிய தொழிலாளர். வழியிலும் தோட்டங்களிலும் மாண்டவர் பலர். அவர்களுக்கு அந்த முற்றத்திற் சிலையில்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தன்னைக் கேள்வி கேட்கும் கலைஞரைத் தேசிய ஓவியக்கூடமே அழைத்து இடங்கொடுத்தது. இது பாராட்டுக்குரியதே. ஆனால் கண்டனத்தையும் ஒரு காட்சிப்பொருளாக்கிப் பருவம் முடிந்ததும் அகற்றிவிடும் ஆற்றல் இத்தகைய நிலையங்களுக்கு உண்டு. ஒளிவீச்சுக் கருவி அணைந்ததும் சுவர் மீண்டும் வெறுஞ்சுவரே. அதன்பின் அக்கோடுகளை வரையவேண்டியவர் பார்வையாளர்; நம்மைப் போன்ற ஆசிரியர்.

அடுத்த முறை மாணவருடன் அச்சிலையடியில் நிற்கையில், "தந்தவர் இவர்" என்று நாம் கூறப்போவதில்லை. "இது யாருடைய உழைப்பு?" என்று நாமே முதலிற் கேட்போம். வரிசை சற்றுக் குலைந்தாலும் பாதகமில்லை.