புதிய ஆசானோ? பழகிய ஆசானோ?

மாரண்டஹள்ளி கடல் காணாத ஊர். தருமபுரி மாவட்டத்து மக்களாகிய எமக்குப் பஞ்சப்பள்ளியிற் சின்னாற்றைத் தேக்கிய அணையே பெருநீர். அவ்வூரிற் பிறந்த எம் பெரிய தந்தையாரின் மகனார் அந்தமான் சென்று, கடலடியில் மூழ்கும் கலையைப் பயின்று, அதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் சான்றிதழும் பெற்றனர். ஆயின், அவர் வேலை வேண்டிச் சென்ற ஓரிடத்தில், அநுபவம் உடையாரையே அமர்த்துவோம் என்று கூறி அனுப்பிவிட்டனர். "தம்பி, ஒருவரும் வேலை தாராவிடின் அநுபவம் எங்கிருந்து வரும்?" என்று அவர் எமக்கு எழுதினார். அவ்வினாவை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பிரான்சு நாட்டிற் கூஸ்தோ, கன்யான் என்னும் இருவர் 1943-இல் அமைத்த கருவியின் வழியாக, மனிதன் காற்றுக்கலத்தை முதுகிற் சுமந்து நீருள் உலவலானான். இக்கலையைப் பயிற்றும் சங்கங்களுள் ஒன்றாகிய 'பாடி' 1966-இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் விதிப்படி ஆசானாவோர் 18 வயது நிரம்பி, 100 முறையேனும் மூழ்கியிருத்தல் வேண்டும்; தேர்விலும் தேறல் வேண்டும். அத்தேர்வில் மாணாக்கராக நடிப்போர் உடன் தேர்வெழுதும் தோழரே. அவர் பிழை செய்வதுபோற் காட்டுவர், மெய்யாக அஞ்சுவாரல்லர்.

மெய்யச்சமோ வேறு. நீருள் அஞ்சியவன் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய முயல்வான். 10 மீட்டர் ஆழத்தினின்று அவ்வாறு எழுந்தால் நுரையீரற் காற்று இருமடங்கு விரிய முற்படும். நுரையீரல் கிழிந்து உயிர்க்கே இறுதி நேரும். அவன் கண்ணில் அச்சம் தோன்றும்போதே கையைப் பற்றி நிறுத்த வல்லவன் பழகிய ஆசான். அத்திறனை எந்தச் சான்றிதழும் தாராது. ஆதலின், அநுபவம் நாடுவோரை யாம் குறை கூறோம்.

எனினும், புதியவனுக்கும் சிறப்பு உண்டு. விதிகள் அவன் நெஞ்சிற் பசுமையாய் இருக்கும். முதன்முறை மூழ்கியபொழுது தான் பட்ட பாட்டை அவன் மறந்திலன். பழகியவனோ, பன்முறை செய்த செயலென்று சோதனைகளைச் சுருக்கிவிடவும் கூடும். ஆண்டுகள் பல சென்றமை மட்டுமே அநுபவம் ஆகாது.

சிறுவயதில் யாம் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீந்தப் பயின்றோம். எம்மோடு நீரில் இறங்கிக் கற்பித்தவர் இத்தமையனாரே. அவர் நீந்தக் கற்று ஓராண்டே ஆகியிருந்தது. பாட்டனார் படியில் அமர்ந்து வாளா நோக்கியிருப்பார். ஒருநாட் குடுக்கை நழுவ, தமையனார் திகைத்த அக்கணமே பாட்டனார் நீரிற் குதித்து எம்மைத் தூக்கினார். மறுநாளும் தமையனாரையே கற்பிக்கச் சொன்னார். தாம் மட்டும் ஒரு படி கீழிறங்கி அமர்ந்தார்.

இதுவே எமக்கு நெறியாகத் தோன்றுகின்றது. கடலிற் பயிற்சி பெறுவோருள் ஆசான் ஒருவர்க்கு 8 மாணாக்கர் வரை அச்சங்கம் இடந்தருகின்றது. புதியவர்க்கு முதலில் இருவரை மட்டும் ஒப்புவித்து, பழகியவர் ஒருவரை அருகே நிறுத்துக. செலவு சிறிது மிகும். ஆயின் மாணாக்கன் உயிரும் காக்கப்படும், நாளைக்கு ஓர் ஆசானும் உருவாவான். குறைந்த ஊதியத்திற்குக் கிடைக்கின்றான் என்று புதியவனை அமர்த்திக் கடலிலே தனியே விடுவதோ இருவர்க்கும் இழைக்கும் தீங்கு. எம் தமையனார் இன்று வேறோரிடத்தில் மூத்த ஆசான் ஒருவரின் துணைவராய் அமர்ந்துள்ளார்.

நண்பர்காள்! தமிழ் ஆனர்ஸ் பயிலும் யாமும் சிலவாண்டிற் சான்றிதழ் ஏந்திப் பள்ளிகளின் வாயிலில் நிற்போம். வகுப்பறையில் எவரும் மூழ்கி இறப்பதில்லை. ஆயினும் முதலாண்டு ஆசானிடம் கல்வியை வெறுத்தொழிந்த சிறுவர் உளர். பள்ளித் தலைமை பூண்ட பழைய மாணவர்காள்! புதியோம் என்று எம்மைத் தள்ளற்க. புதியோம் என்பதை மறந்து தனியே விடவும் செய்யற்க. எமக்கு வகுப்பைத் தருக. நீவிர் படியில் அமர்ந்திருக்க.