ஒரு ஸ்பிரிங் போதும் பாய்!

உங்கள் வீட்டில் கார் ஷெட் இருக்கிறதா? இருந்தும் அதில் கார் இல்லையா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. கை கொடுங்கள்!

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு அப்பா கார் ஷெட் கட்டியது 1994-ல். செகண்ட் ஹாண்டில் வாங்கிய பிரீமியர் பத்மினிக்காக. பத்தடி அகலம், எட்டடி உயரத்தில் இரும்பு ஷட்டர். பத்மினி பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில்தான் குடியிருந்தது. ஷட்டர் மட்டும் ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை. 2009-ல் பத்மினி எடைக்குப் போய்விட்டது. இப்போது ஷெட்டில் இருப்பது என் டூவீலர், அம்மாவின் தையல் மெஷின், மூன்று மூட்டை பழைய பேப்பர்.

ஆனாலும் தினம் காலை ஐந்தரைக்கு அப்பா அந்த ஷட்டரைத் தூக்குவார். 'கடகடகட' என்று தெருவே அதிரும். எதிர்வீட்டு மாமா அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார். அப்பாவுக்கு வயது எழுபத்தாறு. "ஏம்ப்பா, சைடு கேட் வழியா போய் பால் எடுத்தா என்ன?" என்று கேட்டால், "ஷட்டரைத் தூக்கற வரைக்கும்தான்டா மனுஷன்" என்பார்.

போன ஆடியில் ஒருநாள் மேலே 'டங்' என்று ஒரு சத்தம். அதிலிருந்து ஷட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, பல்வலிக்காரர் சிரிக்கிற மாதிரி இளித்தது. ஷட்டர் ரிப்பேர் பாயைக் கூப்பிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"சார், இந்த ஷட்டர் நூறு கிலோ பக்கம் வரும். இதை இத்தனை நாளா அப்பா தூக்கறதா நெனச்சீங்களா? மேல பைப்புல மூணு ஸ்பிரிங் சுத்தியிருக்கு. ஷட்டரை இறக்கும்போது அது முறுக்கிக்கும். ஏத்தும்போது முறுக்கு விட்டு அதுவே தூக்கிக் குடுக்கும். நாம சும்மா கை வெக்கறதோட சரி. இப்ப ஒண்ணு உடைஞ்சுபோச்சு. மத்த ரெண்டுக்கும் அதே வயசுதான். மூணையும் மாத்திடுங்க. கீழ்ப் பட்டை நாலும் துருப்பிடிச்சு அரிச்சிருக்கு, அதையும் மாத்தணும்."

துருவுக்குக் காரணம் எனக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் மெத்தையைக் காயப்போட்டோம், ஆல்பத்தைக் காயப்போட்டோம். ஷட்டரின் அடிப்பட்டையைத் துடைக்க யாருக்குத் தோன்றியது?

"எவ்ளோ ஆகும் பாய்?"

"ஸ்பிரிங் ஒண்ணு ஆயிரத்து நூறு. மூணுக்கு 3,300. பட்டை, அடித்தகடு 3,400. கூலி 1,500. மொத்தம் 8,200."

"புது ஷட்டரே போட்டா?"

"சதுர அடி 320 ரூபா. எம்பது சதுர அடிக்கு 25,600. பதினெட்டு பர்சன்ட் ஜி.எஸ்.டி. சேர்த்து 30,208. மோட்டார் வெச்சா அது தனி."

மோட்டார் என்றதும் உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "கரண்ட் போனா யாரு தூக்கறது?"

இந்த இடத்தில் நான் பி.காம். படித்தவன் என்பதைச் சொல்லியாக வேண்டும். எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை கண்விழித்தான். முப்பது வருஷம் உழைத்த சொத்து. டிப்ரிசியேஷன் போட்டுப் பார்த்தால் ஷட்டரின் புத்தக மதிப்பு பூஜ்யம். உள்ளே இருக்கிற சாமான்களின் மதிப்போ, டூவீலரைத் தவிர்த்தால், அதைவிடக் குறைவு. பழைய பேப்பரைக் காப்பாற்ற எட்டாயிரத்து இருநூறா? எந்த ஆடிட்டர் சம்மதிப்பார்?

"உடைஞ்ச ஸ்பிரிங்கை மட்டும் மாத்துங்க பாய். ஒண்ணு போதும்."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறொன்றும் பேசவில்லை. 2,600 ரூபாயில் வேலை முடிந்தது. 5,600 ரூபாய் லாபம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஆவணியில் அப்பா ஒருதரம், "கொஞ்சம் கனமாத்தான்டா இருக்கு" என்றார். புரட்டாசியில், பாதி உயரத்தில் நிற்க வேண்டிய ஷட்டர் தானாக மெல்ல இறங்கியது. நான் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய கட்டுரையை எழுதப் போய்விட்டேன்.

ஐப்பசி. அடைமழை விட்டிருந்த ஒரு விடியற்காலை. வழக்கமான 'கடகடகட' கேட்டது. புரண்டு படுத்தேன். அடுத்த விநாடி 'டமார்'!

ஓடினேன். ஷட்டர் தரையோடு தரையாகக் கிடந்தது. அடித்தகடு வில்லாக வளைந்து, ஒரு பக்கத்து சேனல் முறுக்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த பால் பாக்கெட் உடைந்து வேட்டியெல்லாம் பால். எனக்கு நாக்கு எழவில்லை.

"ஒண்ணும் ஆகலைடா" என்றார். "பால் எடுத்துட்டுத் திரும்பினேன். மேல 'டங்'குன்னுச்சு. காலை இழுத்துக்கிட்டேன்."

இடது காலில் செருப்பு இல்லை. அது ஷட்டருக்கு அடியில் இருந்தது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

அந்தச் செருப்பைப் பார்த்தபோது என் பி.காம். பட்டத்தைப் பிடுங்கிக்கொள்ள யாராவது வந்திருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

மறுபடி பாய். பழைய ஸ்பிரிங் இரண்டில் ஒன்று போய், மற்றதும் பாரம் தாங்காமல் விட்டுவிட்டதாம். ஸ்பிரிங் இரண்டு 2,200. பட்டை, தகடு 3,400. சேனல் நிமிர்த்த 1,200. கூலி 1,500. ஆக 8,300. முன்பு கொடுத்த 2,600-ஐயும் சேர்த்தால் 10,900. முதலிலேயே பாய் சொன்னபடி கேட்டிருந்தால் 8,200. என் சாமர்த்தியத்தின் விலை 2,700 ரூபாய்... செருப்பு நீங்கலாக.

வேலை நடக்கும்போது பாய் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை ஷட்டரை இடுப்பு உயரத்தில் நிறுத்திக் கையை எடுங்கள். (கால் அடியில் இருக்கக் கூடாது, முக்கியம்!) அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சௌக்கியம். தானாக இறங்கினாலோ, தூக்க மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ உடனே ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களே மேலே ஏறி அந்தப் பைப்பைக் கழற்றப் பார்க்காதீர்கள். முறுக்கிய ஸ்பிரிங் திடீரென்று விட்டால் கையை உடைத்துவிடும். முக்கியமாக, என்னைப் போல் குச்சி வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து பாய் போன பிறகு, மனசு கேட்காமல் அப்பாவிடம் போய் நின்றேன்.

"அப்பா, ஆடியிலயே மூணு ஸ்பிரிங்கையும் மாத்தச் சொன்னார் பாய். நான்தான் ஒண்ணு போதும்னு..."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"போகும்போது என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாரு."

"பின்னே ஏன்ப்பா எங்கிட்ட ஒண்ணும் கேக்கலை?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "பத்திரிகைக்கு எழுதறவன். செக் எப்ப வரும்னு உனக்கே தெரியாது. கையில இல்லை போலருக்கு, கேட்டா சங்கடப்படுவேன்னு விட்டுட்டேன். நாலு மாசம் கொஞ்சம் தம் கட்டித் தூக்கினா ஆச்சுன்னு நெனச்சேன்."

என் பாங்க் பாஸ் புத்தகத்தில் அப்போது நாற்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. இதோ, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். போட்டு நாலடி நடந்து பார்த்தார்.

"என்ன விலை?"

"இருநூத்தி நாப்பது."

"அதையும் ஷட்டர் கணக்குல எழுதிக்கோ" என்றார்.