ஸ்பிங்ஸ் உடம்பில் ஓட்டை!

லண்டன் போறவங்க எல்லாரும் பிக் பென், டவர் பிரிட்ஜ்னு சுத்திட்டு இருப்பாங்க. நீங்க எம்பாங்க்மென்ட் ஸ்டேஷன்ல இறங்கி, தேம்ஸ் கரையோரமா அஞ்சு நிமிஷம் நடங்க. டிக்கெட் இல்லை, க்யூ இல்லை. 'கிளியோபாட்ராவின் ஊசி'ன்னு ஒரு எகிப்து கல்தூண் நிக்கும். வயசு 3,400-க்கும் மேல! ரெண்டு பக்கமும் வெண்கல ஸ்பிங்ஸ் காவல். வலது பக்கம் இருக்கிறதை உத்துப் பாருங்க, உடம்புல ஓட்டை. என் விரல் சுலபமா உள்ளே போயிடுச்சு.

1917 செப்டம்பர் 4, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜெர்மன் விமானம் போட்ட குண்டு பக்கத்து ரோட்டுல வெடிச்சது. அப்போ பறந்து வந்த சில்லுங்கதான் இந்த வேலையைப் பண்ணியிருக்கு. அந்த வழியா வந்த ட்ராம்ல 3 பேர் செத்துப் போனாங்க. லண்டன் மேல நடந்த முதல் விமானத் தாக்குதல்னு அங்கே பலகையே வெச்சிருக்காங்க. ஆனா, அது தப்பு! குண்டுவீச்சு விமானங்கள் ராத்திரியில கூட்டமா வந்ததுதான் அன்னிக்கு முதல் தடவை. பட்டப்பகல்ல ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டாங்க.

சின்ன ஃப்ளாஷ்பேக். 1911 நவம்பர் 1, லிபியா. இத்தாலி பைலட் கியூலியோ கவோட்டி, விமானத்தை ஓட்டிக்கிட்டே 4 குட்டிக் குண்டுகளைக் கையால தூக்கிப் போட்டார். முதல் உலகப் போர்ல ஜெர்மனி முதல்ல நம்பினது ஜெப்பலின் ஆகாயக் கப்பலைத்தான். உள்ளே முழுக்க ஹைட்ரஜன். தீப்பிடிக்க வைக்கிற தோட்டா வந்ததும், 1916-ல ஒண்ணொண்ணா எரிஞ்சு விழுந்துச்சு. அப்புறம் வந்ததுதான் 'கோத்தா' விமானம். ரெண்டு இன்ஜின், 3 பேர், கிட்டத்தட்ட 24 மீட்டர் இறக்கை. (பிரிட்டிஷ் ராஜ குடும்பத்துப் பேர்லயும் 'கோத்தா' இருந்துச்சு. 1917 ஜூலையில 'வின்ட்சர்'னு மாத்திக்கிட்டாங்க. பாவம்!)

அங்கேர்ந்து கிழக்கு லண்டனுக்கு ரயில் ஏறினேன். ஆல் செயின்ட்ஸ் ஸ்டேஷன் பக்கத்துல பாப்லர் பார்க். உள்ளே ஒரு தேவதை சிலை.

1917 ஜூன் 13. பகல் நேரம், ஸ்கூல் நடந்துட்டு இருக்கு. கோத்தா போட்ட குண்டு கூரையைப் பொத்துக்கிட்டு, மேல் மாடி பொண்ணுங்க வகுப்பையும், நடு மாடி பசங்க வகுப்பையும் தாண்டி, தரைத்தளத்துல குழந்தைங்க வகுப்புல வெடிச்சிருக்கு. 18 குழந்தைங்க. பெரும்பாலானவங்களுக்கு வயசு அஞ்சுதான். அன்னிக்கு மொத்தம் 162 பேர் பலி. சுமார் 4 கிலோமீட்டர் உயரத்துல இருந்து போட்டா, குறி எதுவா இருந்தா என்ன? கவோட்டிக்கு அப்புறம் ஆறே வருஷத்துல தூரம், உயரம், எடை எல்லாம் எகிறிடுச்சு. குறி மட்டும் சரியா வரலை. அதுக்காக யாரும் நிறுத்தவும் இல்லை. 1918-ல பிரிட்டனோட ஹேண்ட்லி பேஜ் விமானங்கள் ஜெர்மன் ஊர்கள் மேல குண்டு போட்டுட்டு இருந்துச்சு.

ரெண்டு இடத்தையும் ஒரே மத்தியானத்துல பாத்துடலாம். செலவு ரயில் டிக்கெட் மட்டும்தான். பார்க்குக்குப் போனா சிலையை மட்டும் போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. கீழே கல்லுல 18 பேர் இருக்கு. நின்னு படிங்க.