கேட்காததும் தெரியாததும்

ஆர் மொழியில் நாலு நாள் பழகியவர்களுக்கெல்லாம் ஓர் ஆசை வரும். டேட்டா ஃபிரேமைச் சலிக்க ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதிவிட வேண்டும். இனத்தைச் சொன்னால் இனப்படி, தீவைச் சொன்னால் தீவுப்படி, ஒன்றுமே சொல்லாவிட்டால் முழு அட்டவணையும் வர வேண்டும். நியாயமான ஆசைதான்.

ஆர் கற்பவர்கள் பலருக்கும் பழக்கமான பென்குயின் தரவையே எடுத்துக்கொள்வோம். அண்டார்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளந்த 344 பறவைகள். மூன்று இனம், மூன்று தீவு. ஃபங்ஷனில் இனம், தீவு, பால் மூன்றுக்கும் 'நல்' (NULL) என்று முன்மதிப்பு வைத்துவிடலாம். ஆனால் அந்த நல்லை அப்படியே ஒப்பிடக் கொடுத்தால் விடையாக ஒரு வரிசைகூடத் தேறாது. நல்லுடன் எதை ஒப்பிட்டாலும் உண்மையும் வராது, பொய்யும் வராது; வெறுமைதான் வரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் 'இஃப்' வேண்டும்: மதிப்பு வந்திருந்தால் சலி, வராவிட்டால் தாண்டிப் போ. எத்தனை அறை வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் வீட்டுத் தரகர் கையிலுள்ள எல்லா வீட்டையும் காட்டுவாரே தவிர, அறையே இல்லாத வீட்டைத் தேடிப் போக மாட்டார்.

இவ்வளவுதான் என்று நினைக்கும்போது இன்னொரு வெறுமை எதிரே வரும். பாலைக் கேட்காமல் அழைத்தால் 344. ஆண் என்றால் 168, பெண் என்றால் 165. கூட்டினால் 333. மீதிப் பதினொன்று, பால் பதிவாகாமல் 'என்ஏ' (NA) என்று நிற்பவை. டிப்ளையர் (dplyr) தொகுப்பின் ஃபில்டர் இவற்றைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். சதுர அடைப்புக்குறியால் சலித்தால் நேர்மாறு: ஆண்களைக் கேட்டதற்கு 179 வரிசை வரும், அதில் பதினொன்று எல்லாக் கட்டத்திலும் என்ஏ நிரம்பிய வெற்று வரிசைகள்.

நல் என்றால் கேட்பவர் ஒன்றும் சொல்லவில்லை; என்ஏ என்றால் அளந்தவருக்கே தெரியவில்லை. முன்னதற்கு என்ன பொருள் என்பதை ஃபங்ஷன் எழுதும்போதே தீர்மானித்துவிடலாம். பின்னதைப் பற்றி ஃபங்ஷன் எழுதியவர் தானாக முடிவு செய்யக் கூடாது. பயன்படுத்துபவரிடம் சொல்லிவிட வேண்டும். எத்தனை வரிசை இப்படி விடுபட்டன என்று ஒரு 'மெசேஜ்' அச்சிட ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் ஃபங்ஷனை யாரிடமும் கொடுக்காதீர்கள்.