டாக்டர் வேண்டாம்னு சொன்ன எமிலி

பிரான்ட்டே சகோதரிகள்ல பிடிச்ச நாவல் எதுன்னு கேட்டா நிறைய பேர் சார்லட்டோட 'ஜேன் அயர்'னுதான் சொல்வாங்க. என் ஓட்டு எமிலியோட 'வுதரிங் ஹைட்ஸ்'க்கு.

அதுல ஹிண்ட்லின்னு ஒருத்தன். பொண்டாட்டிக்கு டிபி. இனி மருந்து கேட்காதுன்னு டாக்டர் சொல்றார். அவ நல்லாயிட்டா, நீங்க வர வேண்டாம்னு அவன் சொல்லிடறான். ஒரு ராத்திரி இருமல்லயே அவ போயிடறா.

நாவல் வந்தது 1847 டிசம்பர். அடுத்த டிசம்பர்ல எமிலியும் டிபியிலதான் போனாங்க, வயசு 30. கடைசி நாள் வரைக்கும் டாக்டர் வேண்டாம்னுட்டாங்க. (வந்திருந்தாலும் அன்னிக்கு மருந்து ஏது?)

இன்னிக்கு இருக்கு. ஆறு மாசம், இலவசம். இங்க விருத்தாசலத்துல பீங்கான் தூசியில வேலை பார்க்கிற ஒரு அக்கா ரெண்டாம் மாசமே நிறுத்திட்டாங்க. "இருமல் நின்னுடுச்சே சார்." நேத்து சளியில ரத்தத்தோட வந்திருக்காங்க. சளி டெஸ்டுக்குப் போயிருக்கு. அதே மாத்திரை இன்னும் கேட்குமான்னு அதுல தெரியும்.